மூன்று முறை விற்ற கடிகாரம்

2017 பிப்ரவரி 11: 4,800
2018 ஜனவரி 20: 5,200
2019 மார்ச் 16: 5,500

இந்த மூன்று தொகைகளும் ஒரே கடிகாரத்துக்கு வந்தவை. பெண்டுலம் வைத்த சுவர்க் கடிகாரம். பின்பலகையில் 3117 என்ற எண் பொறித்திருக்கும். முகத்தில் ஆறுக்குச் சற்று மேலே, நகக்கண் அளவுக்கு எனாமல் பெயர்ந்திருக்கும். மூன்று முறையும் அதை விற்றது பதினான்காம் எண் ஸ்டால்காரப் பெண்மணி. மூன்று முறையும் ரசீது எழுதியவன் நான்.

நூல் ஆலையின் கிடங்காக இருந்த கட்டடத்தை ஒட்டுப்பலகையால் முப்பத்திரண்டாகத் தடுத்து, பழைய பொருள் விற்பவர்களுக்கு மாத வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஸ்டால்காரர்கள் பொருளை அடுக்கி விலைச்சீட்டு கட்டிவிட்டு, அடுத்த வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். விற்பனையெல்லாம் வாசல் மேஜையில்தான். குடிநீர் வாரியத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் ஆவணக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றபின், அந்த மேஜைக்கு வந்தேன். உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் வந்த தேதி, அளவு, கீறல், ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் எழுதி வைப்பேன். முதலாளியம்மா கேட்டது தேதியும் விலையும் மட்டும்தான். மற்றவை என் பழக்கம்.

ஹாலுக்குப் பதினோரு விதிகள் உண்டு. ஏழாவது விதி, ஸ்டால் எடுத்தவர்கள் வெளியே கிடங்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. வாங்கிய பொருள் நேராக ஹாலுக்கு வர வேண்டும். வெளியே வைத்தால் வெளியிலேயே விற்றுவிட்டு, நூற்றுக்குப் பதினைந்து கமிஷனுக்கு டிமிக்கி கொடுத்துவிடுவார்கள் என்று முதலாளியம்மாவுக்குச் சந்தேகம். அந்த விதியை மீறினால் ஸ்டால் காலி. பேச்சே கிடையாது.

பதினான்காம் எண் பெண்மணியை எல்லோரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. ஸ்டால் எடுப்பதற்கு முன்னால் ஒரு சலவைக்கடையில் பத்தொன்பது ஆண்டுகள் இஸ்திரி போட்டவர். கணவர் இல்லை. மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்திருந்தார். ஸ்டால் வருமானம்தான் ஃபீஸ். ஒரு மேஜையையோ பீரோவையோ பார்க்க வேண்டுமென்றால், மேலே பார்க்கவே மாட்டார். தரையில் மல்லாந்து படுத்து, சின்ன டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். இழுப்பறையை வெளியே இழுத்து முகர்ந்து பார்ப்பார். திருகாணியின் தலையில் உள்ள வெட்டு நட்ட நடுவில் இருந்தால், "இது நேத்துப் பொறந்த பழசு" என்று எழுந்துவிடுவார். கையால் செய்த திருகாணியில் வெட்டு கொஞ்சம் கோணலாகத்தான் இருக்குமாம்.

வாங்குவதிலும் அவருக்கு ஒரு தனி வழி உண்டு. ஒரே ஒரு முறை கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். 2016 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை. ஒருவர் தன் அப்பாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். டார்ச் நேராகப் போய் ஓர் உடைந்த தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து நிமிடம் பேரம். அவர் இறங்கவில்லை, இவரும் ஏறவில்லை. கடைசியில் சலித்துப்போனவர் மாதிரி வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினார்.

"சரி, வந்ததுக்கு இந்தப் பெட்டியையாவது எடுத்துட்டுப் போறேன். என்ன சார், குப்பைதானே இது?"

"குப்பைதாம்மா. அம்பது குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

பெட்டிக்குள் கந்தல் துணிக்கு அடியில் பித்தளைத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. வந்த உடனேயே அதைப் பார்த்துவிட்டிருக்கிறார். ஹாலில் அது 3,400க்குப் போயிற்று.

"ஏம்மா, அந்த ஆளை ஏமாத்திட்டியே," என்றேன் பஸ்ஸில்.

"நான் எங்க ஐயா ஏமாத்தினேன்? அவரு குப்பைன்னாரு. நான் ஆமான்னேன்."

அன்றிலிருந்து அவர் பொருள்களை மட்டும் இரண்டு முறை பார்த்து எழுதினேன்.

கடிகாரத்தை முதலில் வாங்கியது தனியாக இருந்த ஒரு சங்கீத டீச்சர். அதே ஆண்டு நவம்பரில் கடிகாரம் பதினான்காம் எண்ணுக்கே திரும்பி வந்தது. கேட்டபோது, டீச்சர் இறந்துவிட்டார், அண்ணன் மகன் சாமான்களை விற்றார் என்றார் டார்ச். பிறகு ஒரு சனிக்கிழமை, இளம் தம்பதி ஒன்று அதற்கு ஆறாயிரம் தரத் தயாராக நின்றது. டார்ச் கொடுக்கவில்லை. "இது சரியா ஓடாதுங்க, வேற பாருங்க," என்று அனுப்பிவிட்டார். கடிகாரம் என் கண் முன்னால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே அதை 5,200க்கு ஒரு முதியவருக்கு விற்றார். அவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், அவரும் தனியாள். அந்த ஆண்டு டிசம்பரில் கடிகாரம் மறுபடியும் வந்துவிட்டது. சமையல்காரர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாராம்.

மூன்றாம் முறை அதை வாங்கியது ஒரு பல் டாக்டர். எனக்குப் பல் செட் கட்டியவர். எழுபத்தெட்டு வயது, மனைவி இல்லை, ஒரே மகள் வேறு ஊரில். பழைய நோயாளிகளை மட்டும் வீட்டிலேயே பார்ப்பார். மே 14ஆம் தேதி செட்டைச் சரிசெய்யப் போனபோது, கடிகாரம் அவர் முன்னறையில் மாட்டியிருந்தது. பக்கத்தில் கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி, அதன் மேல் பித்தளை மைக்ராஸ்கோப்.

"அந்தம்மா மாசாமாசம் வந்து இதைப் பாத்துட்டுப் போறாங்க. எண்ணெய் விட்டு, சுத்தி வெச்சு, அரைமணி நேரம் பேசிட்டுப் போவாங்க. காசே வாங்கறதில்ல," என்றார் டாக்டர்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தனியாக இருக்கும் வயதானவருக்கு மட்டும் விற்கும் கடிகாரம். அதைச் சாக்கிட்டு மாதம் ஒரு முறை வீட்டுக்குள் நுழைவது. என்ன இருக்கிறது, எது எங்கே இருக்கிறது, ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவைப்பது. கடிகாரத்தை டார்ச் விற்கவில்லை. வீட்டுக்குள் ஓர் ஒற்றனாக அனுப்பியிருந்தார். வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"உங்க முன்னாடி கடவுளே வந்து நின்னாலும் ரசீது கேப்பீங்க," என்றாள். "வயசானவங்க வீட்டுக்கு ஒருத்தி மாசம் ஒரு தடவ போறா. அவங்கவங்க சொந்தப் புள்ளைங்களே போறதில்ல. அதுல என்ன தப்பு?"

"எதுக்குப் போறாங்கறதுதான் தப்பு."

"அப்போ போகாதவங்க எல்லாம் நல்லவங்களா?"

 என் சந்தேகம் மட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் 6ஆம் தேதி மறுபடியும் டாக்டர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. முந்தின நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார்.

"வீட்டை யார் பாத்துக்கறாங்க?"

"யாரும் இல்லீங்க. மகள் நேரா ஆஸ்பத்திரிக்கே போயிட்டாங்க. ஒரு சாவி எங்கிட்ட இருக்கு. இன்னொண்ணு அந்தக் கடிகாரத்தம்மாகிட்ட இருக்கு."

அதையும் எழுதி வைத்தேன்.

செப்டம்பர் 7, சனிக்கிழமை. காலை ஒன்பதே முக்காலுக்கு டார்ச் ஒரு வேனில் பொருள்கள் கொண்டுவந்தார். என் மேஜை வழியாக அவை உள்ளே போயின: கண்ணாடிக் கதவு அலமாரி ஒன்று, பித்தளை மைக்ராஸ்கோப் ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, எண் 3117. டாக்டர் அப்போதும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்.

"இது எங்க வாங்கினதும்மா?"

"வாங்கின எடத்துலதான்."

"எப்போ?"

"வாங்கினப்போ." சிரித்தார். "என்ன ஐயா, போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கீங்களா?"

நான் சிரிக்கவில்லை. டாக்டரின் பக்கத்து வீட்டு அம்மாளிடம் அவர் மகளின் முகவரி வாங்கி, செப்டம்பர் 10 அன்று கடிதம் எழுதினேன். பொருள்களின் பட்டியலையும் அவை ஹாலுக்கு வந்த தேதியையும் இணைத்தேன். 24ஆம் தேதி பதில் வந்தது. அப்பா எதையும் விற்றதாகத் தன்னிடம் சொல்லவில்லை. அந்த அலமாரி தன் அம்மாவினுடையது, தனக்கு வர வேண்டியது. ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு நாள் கிழமை குழம்புகிறது, இதைக் கேட்டு அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும். இரண்டு கடிதங்களையும் முதலாளியம்மாவிடம் கொடுத்தேன்.

மறுநாள் ஆபீஸ் அறையில் விசாரணை. பதினைந்தாம் எண்ணில் பீங்கான் சாமான் விற்பவரையும், பக்கத்து ஸ்டால்காரர் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கதவோரம் டீ கிளாஸுடன் நின்றார்.

"இதெல்லாம் யார்கிட்ட வாங்கினே?" என்றார் முதலாளியம்மா.

"டாக்டர்கிட்டயேதான் மேடம். அவரையே கேளுங்க."

"கேக்கற நெலமைல அவர் இல்லையாமே. கையெழுத்து ஏதாச்சும் வாங்கினியா?"

"இந்தத் தொழில்ல யாரு மேடம் கையெழுத்து வாங்கறா?"

"அவர் ஆகஸ்ட் அஞ்சுலேருந்து ஆஸ்பத்திரில இருக்கார். சாமான் செப்டம்பர் ஏழாந்தேதி வந்திருக்கு. வீடு பூட்டிக் கெடக்கு, சாவி உங்கிட்ட இருக்கு. நீ எப்போதான் வாங்கினே?"

டார்ச் வாயைத் திறந்தார். பீங்கான்காரரைப் பார்த்தார். பீங்கான்காரர் தன் செருப்பைப் பார்த்தார். டார்ச் வாயை மூடிக்கொண்டார்.

"தேதி ஞாபகம் இல்ல மேடம்."

ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய ஒரு கரண்டியின் விலையைக்கூடக் கேட்டவுடன் சொல்லும் பெண்மணி அவர். அந்தப் பார்வையையும் அந்தப் பதிலையும் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன். அக்டோபர் 31க்குள் அத்தாட்சி கொண்டுவராவிட்டால் ஸ்டாலைக் காலி செய்ய வேண்டும் என்றார் முதலாளியம்மா. மூன்று பொருள்களையும் ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டினார்.

அந்த ஐந்து வாரமும் டார்ச் வழக்கம்போல வந்து போனார். என் மேஜையைக் கடக்கும்போது ஒரு நாள் நின்றார்.

"ஐயா, மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருக்கு."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? தேதிய சொல்லு, போதும்."

"தேதிதானே," என்றார். கொஞ்ச நேரம் என் ரெஜிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டார்.

அக்டோபர் 31, வியாழக்கிழமை மாலை நாலரைக்கு அவர் பதினான்காம் எண்ணைக் காலி செய்தார். வாடகை பாக்கி ஏதும் இல்லை. ஸ்டாலைத் துடைத்து, சுவரில் அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளை மெழுகால் அடைத்துவிட்டுத்தான் போனார்.

நவம்பர் 2 அன்று பீங்கான்காரர் என் மேஜைக்கு வந்தார். ஹாலில் வாடிக்கையாளர் யாரும் இல்லை.

"ரெஜிஸ்டர் சார், ஒண்ணு கேக்கறேன். சாமான் உங்க மேஜைக்கு வர்ற தேதிதான் நாங்க அத வாங்கின தேதின்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தீங்களா?"

"ஆமாம். ஏழாவது விதி அதானே?"

"விதி உங்க நோட்டுல இருக்கு. எந்த ஸ்டால்காரனும் வாங்கின சரக்கை ஒடனே ஷெல்ஃப்ல வெக்க மாட்டான் சார். ஆறப்போடுவான். ஐநூறுக்கு வித்தவன் அடுத்த வாரமே இங்க வந்து, அவன் வீட்டு சாமான்ல மூவாயிரம்னு சீட்டு தொங்கறத பாத்தா சும்மா இருப்பானா? சண்டைக்கு வருவான். கொஞ்ச நாள் போனா மறந்துருவான். நான் ரெண்டு மாசம் ஆறப்போடுவேன். டார்ச்சு தொண்ணூறு நாள்."

"எங்க ஆறப்போடுவீங்க?"

"அதச் சொன்னாத்தான் எங்க அத்தன பேர் ஸ்டாலும் காலியாச்சே."

அன்றைக்கு ஆபீஸ் அறையில் அவர் ஏன் செருப்பைப் பார்த்தார் என்பது எனக்குப் புரிந்தது. தொண்ணூறு நாள் முடிந்து மறுநாள் கொண்டுவந்தார் என்றால், வாங்கியது செப்டம்பர் ஏழுக்குத் தொண்ணூற்றொரு நாள் முன்னால், ஜூன் 8. அதுவும் சனிக்கிழமை. டாக்டர் அன்று நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார்.

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. ஸ்டால்காரர்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கிடங்கைக் காட்டச் சொன்னேன். முதலாளியம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று என் வாயால் உறுதி வாங்கிக்கொண்டுதான் கூட்டிப்போனார். நான்கு தெரு தள்ளி, பூட்டிய கார் ஷெட் ஒன்று. மூன்று பேர் சேர்ந்து எடுத்திருந்தார்கள். டார்ச்சின் பொருள்களை வலப்பக்கம் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சாக்பீஸால் ஒரு தேதி. அதைப் பார்த்தபின், ஆபீஸ் அறையில் இருந்த அலமாரியின் அடியிலும் டார்ச் லைட் அடித்துப் பார்த்தேன். 'ஜூன் 8' என்று இருந்தது. ஆனால் சாக்பீஸ் எழுத்தை எந்த நாளிலும் எழுதலாம். டாக்டரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, மகள் வேண்டாம் என்று சொல்லியிருந்தும், நவம்பர் 4 அன்று அவர் பெயருக்கே கடிதம் எழுதினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் டாக்டர் மகளின் வீட்டில்தான் இருந்தார். மூன்று பொருள்களின் பெயரை எழுதி, இவற்றை விற்றீர்களா, எந்தத் தேதியில் என்று மட்டும் கேட்டேன்.

நவம்பர் 9 அன்று பதினான்காம் எண்ணை, பழைய விளக்குகள் விற்கும் ஒருவர் மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் தரைக்கடைகள் போடுவார்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் டார்ச் உட்கார்ந்திருந்தார். ஸ்டாலில் கண்ணாடிக்குள் இருந்த பொருள்கள் எல்லாம் வெயிலில் கிடந்தன.

"வாங்க ஐயா. நோட்டு கொண்டாரலையா?"

"ஆறப்போடுற விஷயத்தை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என் ஸ்டால் நிக்குமா? திருட்டுக்குப் போகலேன்னா ஏழாவது விதிக்குப் போயிருக்கும். கூடவே இன்னும் பத்துப் பேர் ஸ்டால் போயிருக்கும்." ஒரு பீங்கான் ஜாடியைத் துடைத்து வெயிலுக்கு முதுகு காட்டி வைத்தார். "எப்படியும் போறது நான்தானேன்னு விட்டுட்டேன்."

"டாக்டருக்கு எழுதியிருக்கேன்."

"எழுதுங்க."

"அந்தக் கடிகாரத்த ஏன் தனியா இருக்கறவங்களுக்கு மட்டும் வித்தே?"

 ஒருவர் வந்து ஜாடிக்கு விலை கேட்டார். இவர் வேறு எதையோ காட்டிப் பேசி அனுப்பினார்.

"நீங்க நெனச்சதுக்குத்தான் ஐயா," என்றார் பிறகு. "வீட்டப் பாத்து வெக்கத்தான். எதையாவது விக்கணும்னா மொத ஆளா எனக்குச் சொல்லுவாங்கல்ல? பொழப்பு. ஆனா பூட்டின வீட்டுக்குள்ள நான் போனதில்ல."

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். முதலாவதை உடனே நம்பினேன். இரண்டாவதுக்குக் கடிதம் வரட்டும் என்று திரும்பினேன்.

டாக்டரின் பதில் அவருடைய பழைய மருந்துச் சீட்டுத் தாளில், நடுங்கும் கையெழுத்தில் இருந்தது. கடிகாரத்தையும் அலமாரியையும் ஜூன் 8 அன்று நானேதான் அந்த அம்மாளிடம் விற்றேன் என்று எழுதியிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து 2,100 கொடுத்தார், ஒன்றரை மணி நேரம் பேரம் பேசினார், கறாரான பெண்மணி. ஆண்டுக் கடைசியில் மகள் வீட்டுக்கே போய்விடலாம் என்று இருந்தேன். அலமாரியை விற்றது மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னது நான்தான். இப்போது தெரிந்துவிட்டது, வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை. கடிகாரத்தை விற்ற பிறகும் அந்த அம்மாள் ஜூலையில் ஒரு முறை வந்து, அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனார். மைக்ராஸ்கோப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கொடுத்திருக்கவும் கூடும்.

முதலாளியம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். நடுவில் மூன்று மாதம் பொருள்கள் எங்கே இருந்தன என்று மட்டும் கேட்கவில்லை. "அந்த மைக்ராஸ்கோப்?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். கடிகாரத்தையும் அலமாரியையும் டார்ச்சிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். மைக்ராஸ்கோப் ஆபீஸ் அறையிலேயே இருக்கட்டும் என்றார். பதினான்காம் எண்ணில் விளக்குக்காரரின் ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

செப்டம்பர் 7ஆம் தேதிப் பதிவுக்கு எதிரே, 'இது பொருள் ஹாலுக்கு வந்த தேதி மட்டுமே. வாங்கிய தேதி அல்ல' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டேன். கடிதத்தை அந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். அது என் கைக்கு வந்தது 2019 நவம்பர் 27, புதன்கிழமை.